பெரிய திறப்பும் சின்னத் திறப்பும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கேட்பார் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பாறையைப் படம் பிடிக்கப் போன விண்கலம், அந்தப் பாறையின் இருட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியபோது, அதில் ஊற்றடிபுரம் பஜார் தெரிந்தது. பஜார் என்றால் முழுப் பஜாரும். பஸ் நிறுத்தமும், அதன் தகரக் கூரையில் யாரோ எறிந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பும், மருந்துக் கடையும், பேரூராட்சி மேடையும், முப்பிடாதியின் வடைச் சட்டியும், சட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் படுத்திருக்கும் சொறி நாயும், ஒன்று பாக்கியில்லை. இதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தது என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. மழை பெய்தால் தங்களுக்காகப் பெய்வதாகவும், பெய்யாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் ஏதோ செய்து நிறுத்திவிட்டதாகவும் நம்புகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஆகவே, "பின்ன வேற எந்த ஊரு தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியாக, "அதுல நான் எங்க நிக்கேன்?" என்று கேட்டார்கள்.

ஊருக்கு மேற்கே பெரிய பெரிய கிண்ணங்களை வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரே மூச்சில் சொல்ல முடியாதது. ஊர் வைத்த பெயர் டிஷ் ஆபீஸ். விண்கலம் அனுப்பும் படங்களை வாங்கி, அழுக்கு நீக்கி, அளவு சரிபார்த்து மேலிடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அங்கிருந்த இயக்குநர், பாறையில் பஜார் இருப்பதைப் பார்த்ததும் பயந்தார். பஜாருக்காக அல்ல, மேலிடம் விளக்கம் கேட்குமே என்பதற்காக. 'நிலப்பரப்பில் சில மேடு பள்ளங்கள் காணப்படுகின்றன' என்று எழுதி அனுப்பிவிட்டு, ஊர்க்காரர்கள் கேட்டபோது படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பஸ் நிறுத்தச் சுவரில் ஒட்டவும் அனுமதி கொடுத்தார். பொய்யை மேலே அனுப்பி உண்மையைச் சுவரில் ஒட்டிய ஒரே அதிகாரி அவராகத்தான் இருப்பார், அதுவும் தெரியாமல் செய்தது.

காலை பதினோரு மணி வாக்கில், மதுரை பஸ் வந்து நிற்கிற நேரத்தில், விண்கலம் பாறையின் இருட்டுப் பக்கத்துக்கு வந்து சேரும். வந்ததும் அதன் கேமரா கண்ணை வெகுநேரம் திறந்து வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கும். அது முடியும் தறுவாயில் கண்ணைச் சிமிட்டுகிற நேரம் மட்டும் திறந்து இன்னொரு படம் எடுக்கும். முதலாவதை ஊர் 'பெரிய திறப்பு' என்றது, இரண்டாவதை 'சின்னத் திறப்பு' என்றது. கோயில் நடை, அணை மதகு, மதுக்கடை ஷட்டர் என்று ஏற்கெனவே பல திறப்புகளுக்காகக் காத்துக் கிடந்து பழகிய ஊருக்கு அந்தச் சொல் சட்டென்று வாய்க்கு வந்தது. பெரிய திறப்பில் மங்கலானதெல்லாம் தெரியும், ஆனால் பளபளப்பானது பொங்கி வழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். சின்னத் திறப்பில் பளபளப்பானது அளவாகத் தெரியும், மங்கலானது இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அசைகிறவர்கள் பெரிய திறப்பில் விழவே மாட்டார்கள், நின்றவர்கள்தான் விழுவார்கள்.

மங்கலானதெல்லாம் தெரியும் என்றால் இறந்தவர்களும் தெரியத்தானே வேண்டும், தெரிந்தார்கள். போன ஐப்பசியில் செத்துப்போன தபால்காரர் தூணில் சாய்ந்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "அவுக போயி ஒரு வருசம்தான ஆவுது, அதான் சட்டை நெறங்கூடத் தெரியுது" என்று ஊர் கணக்குச் சொன்னது. ரொம்பக் காலம் முன்னால் போனவர்கள் வெறும் புகைமூட்டமாக இருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் மட்டும் தன் மாமனார் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, "செத்தும் கடைய விட்டு எறங்க மாட்டேங்காரு" என்று சலித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊற்றடிபுரத்தில் பதினோரு மணி என்பது வேறு மாதிரி ஆகிவிட்டது. பேரூராட்சிச் சங்கு ஊதியதும் பஜார் அப்படியே நிற்கும். டீக்கடைக்காரர் டம்ளரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார், பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்பார், கடன்காரன் கடன் கொடுத்தவனைப் பார்த்தும் ஓடாமல் நிற்பான், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி முகத்தை மட்டும் வானத்திலிருக்கும் கேமராவுக்குத் திருப்பிச் சிரிப்பார்கள், கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள் பக்கவாட்டு முகம் எடுப்பா நேர்முகம் எடுப்பா என்று வீட்டிலேயே பார்த்து முடிவு செய்துகொண்டு வந்து நிற்பார்கள், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டாமல், தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொண்டு, மறுபடி சங்கு ஊதும்வரை நின்றது நின்றபடியே நிற்பார்கள். அடுத்தவன் வீடு தீப்பிடித்தபோது வேடிக்கை பார்க்கக்கூட ஒழுங்காக நிற்காத கூட்டம், தன் மூஞ்சி ஒரு கல்லில் விழுகிறது என்றதும் சிலையாக நின்றது. அந்த நேரத்தில் அசைந்து படத்தைக் கெடுப்பவர்களை ஊர் மன்னிக்காது. முப்பிடாதி மட்டும் எண்ணெயில் கருகும் வடையைத் திருப்பிப் போட்டுவிடுவாள்; அதனால் பெரிய திறப்பில் அவள் விழுந்ததே இல்லை, சட்டி மட்டும் விழும்.

இந்த முப்பிடாதியின் புருஷன் சுடலைக்கண்ணு, பேரூராட்சிக் கிணற்றில் மோட்டார் போடுகிறவனாக இருந்தான். பஜார் நடுவில் இருந்த அந்தக் கிணற்றைத்தான் பேரூராட்சித் தலைவர் பட்டமுத்து அண்ணாச்சி சில வருஷங்களுக்கு முன் மூடிவிட்டு அதன் மேல் மேடை கட்டினார். பட்டமுத்து அண்ணாச்சிக்குத் திறப்பு விழா என்றால் உயிர். நிழற்குடை, கழிப்பறை, கழிப்பறைக்குப் புதுக் கதவு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றுக்கும் ரிப்பன் வெட்டினவர். கத்தரிக்கோலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். கிணற்றை மூடிய சிமெண்டுத் தளத்தின் நடுவில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு இரும்பு மூடி. அதற்குப் பக்கத்திலேயே கல்வெட்டு, 'திறந்து வைத்தவர்' என்று போட்டு அண்ணாச்சியின் பெயர். மூடின கிணற்றின் மேல் 'திறந்து வைத்தவர்' என்று இருக்கிறதே என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மேளமும் வெடியும் பிரமாதம் என்று கைதட்டிவிட்டுக் கேசரி வாங்கித் தின்றார்கள்.

அன்றைக்குத்தான் சுடலைக்கண்ணு காணாமல் போனான். திருப்பூரில் எவளோடோ பார்த்ததாக அண்ணாச்சியே நாலு பேரிடம் சொன்னார், நாலு பேரும் ஊருக்குச் சொன்னார்கள். சில நாள் கழித்து மேடைப் பக்கம் நாற்றம் எடுத்தபோது ஊர் மீன் கடைக்காரர்களைத் திட்டியது. அண்ணாச்சி முன்னின்று பிளீச்சிங் பவுடர் தூவினார், அதையும் போட்டோ எடுத்தார்கள். முப்பிடாதிக்கு 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்று பெயர் நிலைத்தது. அவள் சுடலைக்கண்ணைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டவள், ஜாதகம் பார்க்காமல். ஆகவே வடை வாங்க வருகிறவர்கள்கூட, "நச்சத்திரப் பொருத்தம் பாக்காமக் கட்டினா இப்படித்தான் நடுவுல அத்துக்கிட்டுப் போவும்" என்று சட்னியோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் வடையை எண்ணிக் கொடுப்பாள். சட்னி மட்டும் குறைவாக ஊற்றுவாள்.

பாறையில் பஜார் தெரிந்த அன்று பட்டமுத்து அண்ணாச்சி ஊரில் இல்லை, மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கச் சென்னை போயிருந்தார். சுவரில் ஒட்டிய முதல் பெரிய திறப்புப் படத்தில் மேடை காலியாக இருந்தது; அந்த இரும்பு மூடி இருக்கிற இடத்தில், தரைக்கு அடியிலிருந்து மேலே தூக்கிப் பிடித்த மாதிரி இரண்டு கைகள் மங்கலாகத் தெரிந்தன. எல்லோரும் தங்கள் முகத்தைத் தேடி முண்டிக்கொண்டிருந்தபோது முப்பிடாதி மட்டும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்க வீட்டுக்காரரு கையி. சுண்டுவெரல் கோணலா இருக்கு பாருங்க. மோட்டார் பெல்ட்டுல மாட்டினது."

"கை மாதிரி இருந்தாக் கையா? அது ஏதோ செடி நெழலு" என்றார் டீக்கடைக்காரர்.

"சிமிண்டுத் தரையில ஏதுண்ணே செடி?"

"அப்பக் கொடி நெழலு. தள்ளு, மறைக்காத, நான் எங்க நிக்கேன்னு பாக்கணும்."

செத்த தபால்காரரைச் சட்டை நிறத்தோடு அடையாளம் கண்ட ஊருக்கு, இரண்டு கைகளை மட்டும் கைகள் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒத்துக்கொண்டால் மூடியைத் திறக்க வேண்டுமே, திறந்தால் கேசரி தின்ற வாயை எங்கே வைத்துக்கொள்வது.

செய்தி சென்னைக்குப் போனது. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாச்சி ஓடி வந்தார், மறுநாள் பதினோரு மணிக்குச் சலவை வேட்டி சட்டையும் எல்லா மோதிரங்களுமாக மேடை ஏறி, சரியாக அந்த இரும்பு மூடியின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றார். இத்தனை வருஷம் ஊர்க்கண் முழுக்க அவர்மேலேயே இருந்ததில் சேர்ந்த மினுமினுப்போ என்னமோ, பெரிய திறப்பில் அவர் பொங்கிவிட்டார். தலையில்லை, காலில்லை, ஒரே வெள்ளை; அந்த வெள்ளை மேலும் கீழும் கோடாக வழிந்து, மேடையையும் மூடியையும் அடியிலிருந்த கைகளையும் சேர்த்து விழுங்கியிருந்தது.

டிஷ் ஆபீஸ்காரர்களிடம் கேட்டிருந்தால் வெளிச்சம் அளவுக்கு மீறினால் படம் இப்படித்தான் கெடும் என்று சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. ஊர் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஜோதி" என்றது.

அவ்வளவுதான். ஜோதிப் படம் வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டது, வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், படத்தின் முன் நெய்விளக்கு எரிந்தது, அண்ணாச்சியின் கால் பட்ட இடத்துச் சிமெண்டைச் சுரண்டித் திருநீறோடு கலந்து குழந்தைகளுக்குப் பூசினார்கள், ஜோதி என்பதால் அவரிடம் தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்லக்கூட எல்லோரும் கூசினார்கள். அண்ணாச்சியும் சளைக்காமல் தினமும் வந்து அதே மூடியின் மேல் நின்றார். காய்ச்சல் அடித்த அன்றும் நாற்காலி போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். அவருடைய பக்தியைப் பார்த்து ஊர் உருகியது.

முப்பிடாதி ஒரு நாள் கடையைப் பாதியில் மூடிவிட்டு ஒரு பொட்டலம் வடையோடு டிஷ் ஆபீசுக்குப் போனாள். அங்கே படங்களைச் சரிபார்க்கிற ஆசீர் என்ற நாசரேத்துக்காரர் அவளுடைய வடைக்குப் பழைய வாடிக்கை. இயக்குநர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர், ஆனால் ஆட்டிவிட்டு ராத்தூக்கம் கெடுகிறவர்.

"தம்பி, அந்த வெள்ளைய எடுத்துட்டு அடியில இருக்கத மட்டும் காட்ட முடியாதா?"

ஆசீர் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். கேமராவின் மூடியைத் திறக்காமலே முதலில் ஒரு படம் எடுப்பார்கள், அதில் தெரிகிற புள்ளியும் கோடும் கேமராவின் சொந்தக் கோளாறு, அதை எல்லாப் படத்திலிருந்தும் கழித்துவிடுவார்கள் என்று சொன்னார். (எங்கள் ஊரிலிருந்து அதன் சொந்தக் கோளாறைக் கழித்தால் சொறி நாய்தான் மிஞ்சும்.) அப்புறம் பெரிய திறப்பில் எங்கெல்லாம் பொங்கியிருக்கிறதோ, எங்கெல்லாம் அசைந்து கலைந்திருக்கிறதோ, அந்த இடத்தை வெட்டிவிட்டு, சின்னத் திறப்பில் அதே இடம் எப்படி இருக்கிறதோ அதை, நேர வித்தியாசத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தைப் பெருக்கி, அங்கே வைப்பார்கள்.

"மாத்தி வச்சிறாம எப்படி வைப்பிய?"

"பொருத்தம் பாப்போம்க்கா. ரெண்டு படத்துலயும் பாறைக்குப் பின்னால நட்சத்திரம் இருக்கும். அதும்மேல இது சரியா உக்காரணும். ஒரு புள்ளி வெலகினாலும் சேக்கக் கூடாது."

"நச்சத்திரப் பொருத்தமா?"

"எங்க வீட்டுக் கல்யாணத்துல பாக்க மாட்டோம்க்கா. ஆனா எனக்குச் சம்பளமே அதுக்குத்தான்."

அவர் அண்ணாச்சியின் சின்னத் திறப்பைக் காட்டினார். வெள்ளையும் இல்லை, ஜோதியும் இல்லை. அக்குளில் வியர்த்த சட்டையோடு குள்ளமாக ஒரு ஆள், கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கிறவர் மாதிரி கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, குனிந்து தன் காலடியையே பார்த்தபடி நின்றார். முப்பிடாதி வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாரும் மேல பாத்துச் சிரிக்காவ. இவுக ஏன் கீழ பாக்காவ?"

இரண்டு திறப்பையும் சேர்த்த படத்தை ஆசீர் ஏற்கெனவே செய்து இயக்குநரிடம் காட்டியிருந்தார். தலைவரைச் சின்னதாக்கிக் காட்டுவது ஒரு அரசு அலுவலகத்துக்கு அழகல்ல என்று சொல்லி, இனிமேல் சுவருக்குப் பெரிய திறப்பு மட்டும்தான் போக வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார். அவரும் வீட்டில் ஜோதிக்கு விளக்கேற்றுகிறவர்.

"சேத்தாலும் ஒங்களுக்குப் பிரயோசனம் இல்லக்கா" என்றார் ஆசீர் கடைசியில். "அவரு அவரா தெரிவாரு. ஆனா அவருக்குக் கீழ இருக்கறது ரெண்டு படத்துலயும் விழல. நான் எங்கயிருந்து கொண்டு வர? அவரு அந்த எடத்த விட்டு நகரணும்."

"பெரிய தெறப்புல நடக்கறவங்க விழ மாட்டாங்கதான?"

"விழ மாட்டாங்க."

"ஆனா நிக்கறவங்க யாரும் அசைய மாட்டாங்க" என்று முப்பிடாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

ஆடி மாதக் கடைசி வெள்ளி, ஜோதிக்குப் பெரிய கூட்டம். பஜார் கொள்ளாத ஜனம், மாடிகளிலும் மரக்கிளைகளிலும் ஆட்கள், போலீஸ்காரர்கள்கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எடுப்பான இடம் பார்த்து நின்றார்கள். சங்கு ஊதியது. இரைச்சலும் ஹாரனும் குழந்தை அழுகையும் ஒரே வெட்டில் நின்றுபோய், சட்டியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் பஜார் முழுக்கக் கேட்டது. முப்பிடாதி அடுப்பை அணைத்தாள். அடுப்புக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில் புகுந்து, விலகாதவர்களை இடித்துக்கொண்டு, மேடைப் படி ஏறினாள். எல்லோருடைய கண்மணிகளும் அவளோடு நகர்ந்தன. தலை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அண்ணாச்சி மூடியின் மேல் கைகூப்பி நின்றார். அவள் கடப்பாரை நுனியை மூடியின் விளிம்பில் நுழைத்தாள்.

"சங்கு ஊதட்டும், முப்பிடாதி" என்றார் அவர், உதடு அசையாமல், பல்லைக் காட்டிய சிரிப்பு மாறாமல்.

"நீங்க கால எடுங்க அண்ணாச்சி."

"ஏட்டி, படம் கெட்டுப்போவும்."

"கெடட்டும்."

"ஊரே நிக்கி பாரு. ஒனக்கு மட்டும் என்ன அவசரம்?"

"நான் ரொம்ப வருசமா நிக்கேன் அண்ணாச்சி."

அவள் கடப்பாரை மேல் பாரத்தைப் போட்டு அழுத்தினாள். மூடி ஒரு பக்கம் எழும்பியது, அதோடு அண்ணாச்சியும் எழும்பினார். கூப்பிய கையைப் பிரிக்காமல், கேமராவைப் பார்த்த முகத்தைத் திருப்பாமல், சாய்ந்தும் விழாமல் சமாளித்துக்கொண்டே அவர் பேசினார். பேசினது கிசுகிசுப்பாகத்தான், ஆனால் அந்த அமைதியில் கடைசி மாடி வரைக்கும் கேட்டது.

"நான் வேணும்னு செய்யல. மோட்டார எடுக்க எறங்கினவன் இன்னும் ஏறலன்னு கொத்தனார் சொன்னான். நல்ல நேரம் முடியப் போச்சு. இப்ப மூடு, விழா முடிஞ்சதும் தொறந்துக்கலாம்னேன். அதுக்குள்ள கட்சி மாவட்டச் செயலாளரு கார்ல ஏறுய்யான்னுட்டாரு. சாப்பாடு, பேச்சுன்னு நேரம் போயிருச்சு. மறந்துட்டேன் முப்பிடாதி. மறுநா மத்தியானம் மூஞ்சி கழுவையிலதான் ஞாவகம் வந்துச்சு."

"ஞாவகம் வந்து?"

"வந்து என்ன செய்ய? கல்வெட்டு வச்சாச்சுல்லா."

முப்பிடாதி ஒரு சத்தம் போட்டாள். அழுகையா, ஆள் பாரம் தூக்கும்போது போடுகிற சத்தமா என்று சொல்ல முடியாது. மூடி நிமிர்ந்தது. அண்ணாச்சி கூப்பிய கையோடு தாவி, மேடையிலிருந்து குதித்து, ஜோதியாவது மண்ணாவது என்று வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய திறப்பில் பாக்கி இன்னும் வெகுநேரம் இருந்தது.

அவள் குப்புற விழுந்து கிணற்றுக்குள் கையை நீட்டி, சுடலைக்கண்ணுவின் பெயரைச் சொல்லிச் சொல்லி உடம்பு குலுங்க அழுதாள். ஒருவர் வந்து தூக்கவில்லை, ஒருவர் ஓடுகிறவரைப் பிடிக்கவில்லை, ஒருவர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் வாய் கோணி விழுமே. இத்தனையும் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, எடுப்பான இடத்தில், எடுப்பான முகத்தோடு, சங்கு மறுபடி ஊதும்வரை ஊற்றடிபுரம் சிரித்துக்கொண்டே நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

சங்கு ஊதின பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. போலீஸ்காரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து கயிறு கட்டினார்கள், எலும்பும் ஒரு ஸ்பேனரும் மேலே வந்தன, அண்ணாச்சியைச் செங்கோட்டை பஸ்ஸில் பிடித்தார்கள். ஊர், "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றது.

அன்றைய படங்களை ஆசீர் இயக்குநரைக் கேட்காமலே சேர்த்து, அச்சடித்து, தானே கொண்டுவந்து சுவரில் ஒட்டினார். எங்கள் ஊர் அதுவரை அவ்வளவு தெளிவாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லை. மறைக்க ஜோதி இல்லாததால், மாடியிலும் மரத்திலும் இருந்தவர்களுடைய பல்கூட எண்ணுகிற மாதிரி இருந்தது. வழக்கம்போல எல்லோரும் முண்டியடித்து வந்து முதலில் தங்கள் முகத்தைத்தான் தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டுபிடித்தார்கள், அப்புறம் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அங்கிருந்து நழுவினார்கள். நான் அப்போது அங்கே இல்லை என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் வழியில்லை. அந்தப் படத்தை யாரும் வீட்டில் மாட்டவில்லை. மறுநாளிலிருந்து பாறையில் வெறும் பாறைதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு முப்பிடாதி சுவர் அருகே வந்தாள். பெரிய திறப்பில் சுடலைக்கண்ணு முழுசாக விழுந்திருந்தான். கைகள் மட்டுமல்ல, அண்ணாந்த முகமும், தோளில் துண்டும், கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்த்தபடி. அழுகிறவர்கள் பெரிய திறப்பில் விழுவதில்லை, உடம்பு நிற்காதே. அவள் சின்னத் திறப்பில்தான் இருந்தாள், குனிந்து கையை உள்ளே நீட்டிய ஒரு சிமிட்டல் நேரத்து முப்பிடாதியாக. அவன் இருந்த படத்தில் அவள் இல்லை, அவள் இருந்த படத்தில் அவன் இல்லை. சேர்த்த படத்தில் அவளுடைய கை அவனுடைய கோணல் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது.

அவள் அந்த இடத்தைத் தொடாமல், விரலை ஒரு நூல் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்காவ நீங்களா இழுத்து ஒட்டவச்சியளா தம்பி?"

"இல்லக்கா. நான் எதையும் இழுக்கல."

"நச்சத்திரம் பாத்தியளா?"

"பாத்தேன்க்கா" என்றார் ஆசீர். "எல்லாம் பொருந்திருச்சு. ஒரு புள்ளிகூட வெலகல."